உனக்கு வலிக்குதா?

— என் பொண்ணு கையைக் கட்டிப் போடவா டீச்சர்? சொல்லுங்க, அதையும் செஞ்சிடறேன்.

— ஐயோ, முதல்ல உக்காருங்கம்மா. மூச்சு விடுங்க. அவ பாட்டுக்கு மூலையில கட்டை அடுக்கிட்டு இருக்கா.

— இங்க உங்ககிட்ட பேச்சுப் பயிற்சிக்கு வந்தா பூனை. வீட்டுல வந்து பாருங்களேன்! தாடையிலயே படார் படார்னு அறைஞ்சுக்கறா. தட்டை வச்சா தூக்கி எறியறா. நேத்து ஸ்கூல்ல பக்கத்துப் பொண்ணைக் கடிச்சிட்டா. இதெல்லாம் நின்னப்புறம் அனுப்புங்கன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. அந்த ஸ்கூல்ல ஒரு இடத்துக்காக நான் எத்தனை படி ஏறி இறங்கினேன், உங்களுக்குத் தெரியாததா?

— தெரியும்மா, தெரியும்.

— இவங்கப்பா வேற, நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்டங்கறார். பயமா இருக்கு டீச்சர். ஸ்கூலும் போயி, உங்ககிட்ட கத்துக்கிட்ட நாலு பேச்சும் போயிடுமோன்னு...

— பேச்சு எங்கயும் போகாது. மெதுவா சொல்லுங்க, எப்பலேர்ந்து இப்படி?

— போன வாரத்துலேர்ந்து. ஆனா பாருங்களேன், கெட்டதாவே சொல்லிட்டிருக்கேன். ஒரு நல்லதும் நடந்திருக்கு. சொன்னா அழுதுடுவேன்.

— அழுதா அழுங்க. சொல்லுங்க.

— இவளுக்குப் பாசம்னா என்னன்னே தெரியாதுன்னு என் நாத்தனார் வாய் கூசாம சொன்னா இல்ல? இப்ப தானா என் மடியில வந்து ஏறிக்கறா. என் கையை இழுத்துத் தன் கன்னத்துல வச்சுக்கிட்டு, ‘உனக்கு வலிக்குதா?’ன்னு கேக்கறா! என்னை, டீச்சர்! என்னைப் பாத்துக் கேக்கறா!

— இதே வார்த்தைதானா?

— அட்சரம் பிசகாம.

— அம்மா... தாகம் எடுத்தா என்ன சொல்லுவா?

— ‘உனக்குத் தண்ணி வேணுமா?’ம்பா. நாங்க கேக்கறதைத்தானே அப்படியே திருப்பிச் சொல்றா. ‘எனக்கு’ இன்னும் வரலையே.

— தூக்கம் வந்தா?

— ‘உனக்குத் தூக்கம் வருதா?’ உடனே படுக்கையைத் தட்டிப் போட்டுடுவேன். அதுக்கென்ன இப்ப? ஏன் எழுந்துட்டீங்க?

— அவளை ஜன்னல்கிட்ட கூட்டிட்டு வாங்க, வெளிச்சம் வேணும். குட்டிம்மா, எங்க, சிங்கம் மாதிரி வாயைத் திற... இன்னும் பெரிய சிங்கம்... அம்மா, இங்க பாருங்க. கடைவாய்ப் பல்லுகிட்ட, ஈறு.

— கடவுளே. இப்படி வீங்கியிருக்கே! சீழா அது?

— அப்படித்தான் தெரியுது. சோறு எப்படி இறங்கும், பாவம்.

— டீச்சர்... அப்ப அவ என்னைக் கேக்கலையா?

— இல்லம்மா. உங்ககிட்ட சொல்லியிருக்கா.

— வாரம் பூராவும்?

— இருங்க, பல் டாக்டருக்கு போன் போடறேன். அடுத்த தெருதான், இப்பவே கூட்டிட்டுப் போயிடலாம். நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்...

— தெரியணும் டீச்சர். கேட்டப்ப எல்லாம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ‘இல்லடி தங்கம், வலிக்கவே இல்ல’ன்னு முத்தம் குடுத்தேன். அதே கன்னத்துல.