இன்னொரு டைட்டு

எங்கள் வீட்டில் யாரும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை, இன்ஸ்பெக்டர் சார். கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலைக்கும் அப்பா பேரம் பேசுவார். அந்த வளர்ப்பில் வந்தவன் என்பதால், நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பீர்கள். இன்றைக்கு மட்டும் கழிக்காமல் கேளுங்கள். உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்களே தங்கப்பனை, அவன் மேல் குற்றமில்லை.

கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகள் திரும்பும் முனையில் என் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பின்னால் ஷெட். கழற்றி மாட்டுவது தங்கப்பன், விலை பேசுவது நான். கார்த்திகேசன் குரும்பகரத்துப் பையன். அவன் அப்பா நெல் மூட்டை ஏற்றிய பழைய பிக்கப் வண்டியை உயரமாக்கிக் கடற்கரை மணலில் ஓட்ட வேண்டும் என்று வந்தான். புதுச் சாமான் வாங்க வசதியில்லை. வாய் இருந்தது.

"அண்ணே, எடைக்குப் போடுற பட்டைக்கு இவ்ளோவாண்ணே? துருவுக்கும் சேத்தா வெல?"

நான் சிரித்துவிட்டேன். பேரத்தில் முதலில் சிரிப்பவன் தோற்றான். லாரி ஸ்பிரிங்கிலிருந்து கழற்றிய பட்டை, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க நீளமான யு-போல்ட்டுகள். அவன் கேட்ட விலைக்கே கொடுத்தேன். வண்டி நாலு விரல் எழும்பி நின்றது.

தங்கப்பன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். "தம்பி, கொஞ்சம் ஓடுனா பட்டை அமுங்கி நட்டு தொளதொளன்னு ஆயிடும். வந்து இன்னொரு டைட்டு வெச்சுக்கிட்டுப் போங்க. அதுக்குக் காசு கெடயாது" என்று என் காதுபடச் சொன்னான். ஸ்பிரிங் வேலை பார்க்கும் எந்த ஷெட்டிலும் உள்ள வழக்கம்தான்.

அந்த வாரமே கார்த்திகேசன் போனில் ஒரு வீடியோ போட்டான். வண்டி மணல் மேட்டில் ஏறுகிறது. என் கடை தெரிகிறது. நான் அழுகிற மாதிரி முகத்தைச் சுருக்கி விலை இறங்குவதும் தெரிகிறது. அவன் சிநேகிதன் எடுத்திருக்கிறான். கடைசியில் கார்த்திகேசன் சொல்கிறான்: "அண்ணன் தங்கமான மனுசன். கேக்குறதுல பாதி சொல்லுங்க. அழுவுற மாரி மூஞ்சிய வெப்பாரு, கண்டுக்காதீங்க. குடுத்துடுவாரு."

எனக்கு விளம்பரம் செய்வதாகத்தான் நினைத்திருக்கிறான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் சாமானைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். நான் முகத்தைச் சுருக்கியதும் "வந்துடுச்சு பாரு" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கோவில்பத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து, எதுவும் வாங்காமல், "அந்த மூஞ்சிய ஒரு தடவ காட்டுங்க" என்றாள். மனிதனோடு பேரம் பேசலாம். போனோடு என்ன பேசுவது? அது என் அப்பாவிடமிருந்து வந்த முகம் சார். வேறு முகம் என்னிடம் இல்லை.

தங்கப்பன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கார்த்திகேசன் வந்தான். முன் சீட்டில் அவன் மனைவி கீர்த்திகா.

"அண்ணே, இன்னொரு டைட்டு வெக்கணும்னாருல்ல?"

நான் குனிந்து பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி. போங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றாள் கீர்த்திகா. "இவரு ஓட்டுற ஓட்டுக்குப் பயமா இருக்கு."

"பயப்படாதம்மா" என்றேன்.

அன்று சாயங்காலமே குரும்பகரம் வாய்க்கால் கரையில் யு-போல்ட் கழன்று, பின் அச்சு நகர்ந்து, ஸ்டியரிங் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகப் போய்க் கவிழ்ந்தது. அவனைத் தண்ணீருக்குள்ளிருந்து பிணமாகத்தான் எடுத்தார்கள். அவளுக்கு ஒரு காலோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிப் போனேன், சொன்ன விலைக்கு. "நீங்க பாத்துதாண்ணே அனுப்புனீங்க. மாட்டுனவன்தான் ஒழுங்கா மாட்டல" என்றாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். முகம்தான் சுருங்கியது. நான் அழுகிறேன் என்று நினைத்து அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

குனிந்து பார்த்தேன் என்றேனே, பார்த்ததோடு நிற்கவில்லை. நட்டைத் தொட்டேன். விரலுக்கே சுற்றியது. ஸ்பானர் என் காலடியில் கிடந்தது. அந்த வண்டி எங்காவது கவிழும் என்று எனக்குத் தெரியும்; அவள் உள்ளே இருந்ததும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். தங்கப்பனை வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். துருவுக்குக்கூட விலை பேசியவன் அவன். அன்றைக்கு, "இல்லண்ணே, எதுக்கும் வெச்சே குடுங்க" என்று இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேன். அவன் பேசவில்லை. அதற்கு நான் என்ன சார் செய்ய முடியும்?