மல்பெரிச் சுண்டுவிரல்

இரவு பதினொன்றே கால். கடலோரப் பாறை வளைவிலிருந்து எரிமலைக் குன்றுக்கு ஏறும் பாதை… இரண்டு பக்கமும் பூண்டு வயல். விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். நிலா இருந்தது, மேகமும் இருந்தது. லுயென் தனியாக நடந்தாள். ஒரு கையில் மண்வெட்டி. மறு கையில் தகர டப்பா. டப்பாவில் மூன்று இலை விட்ட ஒரு சின்னச் செடி.

என்னோடு பூண்டு உரிக்கும் ஹோவாவின் சித்தி இந்த லுயென். ஹோவா சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். கதவைச் சாத்துங்கள். காற்று உப்பாக வருகிறது.

லுயெனின் கணவன் தோவான். பத்தாம் மாதப் புயலில் படகோடு போனவன். ஐந்து பேர் போனார்கள். பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் தீவில் காற்றுச் சமாதி வைப்பார்கள். குன்றின் சிவப்பு மண்ணைப் பிசைந்து அவனுடைய உருவம். உள்ளே எலும்புக்குப் பதில் மல்பெரிக் குச்சிகள். அலைகிற உயிர் அதில் வந்து அடங்கும். இல்லையென்றால் தண்ணீரிலேயே பசியோடு கிடக்கும்.

"அவர் சாகல," என்றாள் லுயென். புயலுக்குப் பிறகு நூறு நாளும் அதையே சொன்னாள்.

"நீ சொன்னா கடல் கேக்குமா?" என்றான் தோவானின் அண்ணன். "என் தம்பி பசியோட கிடக்கான். நீ வர்றவங்களுக்கு நண்டு வேகவச்சுப் போட்டுட்டு இருக்க."

அவர்கள் வீட்டை ஒட்டி வாடகைக்கு விட இரண்டு அறைகள். பாறை வளைவுக்குப் பின்னால் சூரியன் விழுவதைப் பார்க்கப் பெருநிலத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். ஜன்னல் வழியே கடல் தெரிகிற அறைக்குக் 'கடலறை' என்று பெயர் வைத்தவன் தோவான்தான்.

வருஷம் பிறந்து முதல் மாதத்தில் சமாதிக்கு நாள் குறித்தார்கள். எலும்புக் குச்சிகளைக் கழுவிக் கொடுப்பது மனைவியின் வேலை. லுயென் கழுவினாள். இடது சுண்டுவிரலுக்கான குச்சியைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள். அதன் இடத்தில் ஒரு காய்ந்த பூண்டுத் தண்டை வைத்தாள். சடங்குக்காரர் எண்ணினார். எண்ணிக்கை சரியாக வந்தது.

முழுசாக அவனைக் கொடுத்துவிட அவளால் முடியவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் குச்சியை ஒரு டப்பா மண்ணில் ஊன்றிக் கடலறை ஜன்னலில் வைத்தாள். எட்டாம் நாள்… துளிர் விட்டது.

செத்தவன் எலும்பு துளிர்க்குமா? அன்றிலிருந்து லுயென் தனக்கும் மகளுக்குமான இரண்டு தட்டோடு மூன்றாவது தட்டும் வைக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் மாதம் கடல் அடங்கியது, பயணிகள் வந்தார்கள். கடலறையில் தங்கியது சைகோனிலிருந்து வந்த ஒரு புது ஜோடி. காலையில் அந்தப் பெண் கஞ்சியைத் தொடவில்லை.

"அக்கா, ராத்திரி யாரோ என் விரலை எண்ணினாங்க."

"பல்லியா இருக்கும்," என்றான் கணவன்.

"பல்லிக்கு எண்ணத் தெரியுமா? உனக்கே பத்துக்கு மேல வராது." சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "ஒவ்வொண்ணா தொட்டு எண்ணினாங்க அக்கா. ஜில்லுனு. ஒம்பது வரைக்கும். இடது சுண்டுவிரல் வந்ததும் நின்னுட்டாங்க. அதை மட்டும்… அழுத்தி அழுத்திப் பாத்தாங்க."

விரிப்பில் சிவப்பு மண் தீற்றியிருந்தது.

அடுத்து வந்த மூன்று மாணவிகள் நள்ளிரவிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். லுயென் வருந்தவில்லை. வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். கடலறையில் தானே படுத்தாள். இடது கையை விரித்து, பாயின் ஓரத்தில் வைத்துக்கொண்டு… ஏழு இரவு. யாரும் தொடவில்லை.

எட்டாம் நாள் காலை. மகள் தியெப்புக்கு ஆறு வயது. அடுத்த அறையில் தனியாகத் தூங்கியவள் எழுந்து வந்தாள்.

"அம்மா, அப்பா எண்ணினாரு. என்னோடது சின்னதா இருக்குன்னாரு. பரவால்லன்னாரு."

குழந்தையின் சுண்டுவிரல் நீலமாக இருந்தது. லுயென் வெந்நீரில் முக்கினாள். தேய்த்தாள். வாயில் வைத்து ஊதினாள். சூடேறவில்லை. மாலைக்குள் மோதிர விரலும் நீலம் பாய்ந்தது.

தோவானின் அண்ணன் வந்து பார்த்தான். ஜன்னலில் இருந்த டப்பாவையும் பார்த்தான். அது எந்தக் குச்சி என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கொண்டுபோய்க் குடுத்துடு. இன்னிக்கே."

"துளிர் விட்டிருக்கு அண்ணே. மூணு இலை."

"உன் பொண்ணு கை கறுக்குது. எது உயிரோட இருக்கணும், நீயே சொல்லு."

அவள் ஜன்னலிலிருந்து டப்பாவை இறக்கினாள். மண்வெட்டியை எடுத்தாள்.

இப்படித்தான் அந்தப் பாதைக்கு வந்து சேர்ந்தாள். குன்றின் சரிவில் சமாதி. இடது கை இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். தோண்டினாள்… சரக், சரக்… தோண்டத் தோண்ட அழுகிய பூண்டு வாடை. சுண்டுவிரல் இருந்த இடத்தில் அந்தத் தண்டு கூழாகிக் கிடந்தது. வழித்து எறிந்தாள். செடியை டப்பாவிலிருந்து உருவினாள். இலையைக் கிள்ள மனம் வரவில்லை. இலையோடு மண் கைக்குள் அழுத்தினாள்.

"மன்னிச்சிடு. புள்ளையை விட்டுடு," என்றாள்.

மண்… கதகதப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தியெப் தூங்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் சிவந்து, வியர்த்திருந்தன. அதன் பிறகு கடலறையில் யாரும் எதையும் எண்ணவில்லை. பயணிகள் வந்தார்கள், வளைவைப் படம் எடுத்தார்கள், நண்டு தின்றார்கள், போனார்கள்.

ஐந்தாம் மாதம். மதியப் படகில் ஒரு இளைஞன் இறங்கினான். பெயர் கான். எலும்பும் தோலுமாக இருந்தான். பாறை வளைவைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து வாசலில் நின்றான்.

"ரெண்டு ரூம் வாடகைக்கு விடற லுயென் அக்கா நீங்கதானா?"

வேறு ஊர்ப் படகில் போனவன் அவன். அதே புயல். அவனையும் தோவானையும் ஒரு அந்நியக் கப்பல் பொறுக்கி எடுத்து, எங்கோ ஒரு துறைமுக மருத்துவமனையில் போட்டுவிட்டுப் போயிற்று. காகிதம் இல்லை. பாஷை தெரியாது. தோவானுக்கு ஓயாத காய்ச்சல், ஊர்ப் பெயர்கூட வாயில் வராது. வளைவு, இரண்டு அறை, லுயென். இவ்வளவுதான் சொல்வான்.

"அவர் தூங்கவே மாட்டாருக்கா. இந்த வருஷம் முதல் மாசத்துலேர்ந்து ராத்திரியானா விரலை எண்ணுவாரு. 'ஒம்பதும் மண்ணு மாதிரி ஜில்லுனு ஆயிடுச்சுடா. இது ஒண்ணுதான் சூடா இருக்கு. இதைப் பிடிச்சுக்கிட்டு ஊர் போயிடுவேன்'னு சுண்டுவிரலைக் காட்டிச் சிரிப்பாரு."

லுயென் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாம் மாசம், பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள். நடுராத்திரி. 'யாரோ தோண்டறாங்க, கேக்குதா?'ன்னாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல… கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுடுச்சு."

"அந்த விரலும் ஜில்லுனு ஆச்சா?"

கான் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லக்கா. அது மட்டும் ஆகல. அதனாலதான் ஒரு நாள் முழுக்கப் புதைக்க விடாம மறிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க கேக்கல. சூட்டோடயே புதைச்சுட்டாங்க."

அன்றிரவும் லுயென் மண்வெட்டியோடு குன்றுக்கு ஏறினாள். அங்கே என்ன பார்த்தாள் என்று ஹோவா சொல்லவில்லை. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமாதியில் இப்போது இடுப்பளவு ஒரு மல்பெரிச் செடி நிற்கிறது. குன்றைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை லுயென் அதன் அருகே விடுவதில்லை. போன கோடையில் ஒரு பெண் அவள் பார்க்காத நேரம் ஒரு இலையைக் கிள்ளினாளாம். உடனே கீழே போட்டுவிட்டாளாம்.

காம்பு, உயிருள்ள விரல் மாதிரி, சூடாக இருந்ததாம்.