மண்ணில் நடக்கூடாத செடி

லுக்குட் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், மடியில் வைத்திருந்த புறா ஆர்கிட் செடியை வயதில் மூத்த இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார். “மண்ணுல மட்டும் நட்டுடாதீங்கக்கா, மூச்சு முட்டிச் செத்துடும்” என்றார். கோலா சாவா எஸ்டேட்டில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“பின்ன எப்படி வளக்குறது?”

“உங்க வீட்டு ரம்புத்தான் மரத்துல தேங்கா மட்டையோட சேத்துக் கட்டிடுங்க. வேர் பட்டையப் புடிச்சதும் கயித்த அவுத்துடலாம். எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் வளத்தாரு.”

“நீயே வச்சுக்கலாம்லா.”

“இனிமே மக வீட்லதான் இருக்கப் போறேன். அது பிளாட்டு வீடுக்கா, மரத்துக்கு எங்க போறது?”

“இது பூக்குமா?”

“பெரிய மழை பேஞ்சு குளுந்தா, கொஞ்ச நாள்ல எல்லாம் ஒண்ணா வெள்ளையாப் பூக்கும். ஒரே நாள்தான், அப்புறம் வாடிடும்.”

 செடியைக் கொடுத்த பெண்ணே தொடர்ந்தார்.

“அவரு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப தெனமும் கேப்பாரு, பூத்துச்சான்னு. ஒரு நாள் காலையில மரம் முழுக்கப் பூத்துடுச்சு. போட்டோ எடுத்து அவரு போனுக்கு அனுப்பிட்டு ஓடுனேன். நான் போறதுக்குள்ள போயிட்டாருக்கா.”

“படத்தப் பாத்தாராம்மா?”

“நர்ஸ் அவரு போனக் கொண்டாந்து குடுத்தாங்க. அந்தப் படம் தொறக்காமலே இருந்துச்சு.”

மூத்தவர் செடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “பூத்ததும் ஒனக்குப் படம் எடுத்து அனுப்புறேன்.”

“படம் வேணாங்கக்கா. கூப்பிடுங்க, நான் வந்துடுறேன்.”