பச்சை மெருகு

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னைத்தான் கேட்பார்கள். இருபத்து மூன்று வருடங்களாக அப்படித்தான். பீங்கான் தொழிற்பேட்டையில் யாரிடம் விசாரித்தாலும் விருத்தகிரி சாரைப் பாருங்கள் என்பார்கள். நீங்கள் கேட்டதை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன் அய்யா. என் கால் ஆடிக்கொண்டே இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்ச நாளாக உட்கார்ந்தால் அப்படி ஆகிறது.

அமலராணி எங்களிடம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி உதவியாளராக வந்தவள். கம்மாபுரம் பக்கம். ஜாடிகளுக்குப் பூசும் மெருகில் ஈயம் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே பளபளப்பு வந்துவிடும். ஆனால் கலவை சரியில்லாவிட்டால், புளிப்பு பட்டதும் அந்த ஈயம் உணவில் இறங்கும். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஜாடியில் காடியை, அதாவது வினிகரை, ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்துச் சோதிப்போம். அந்தப் பழைய முடிவுகளை எல்லாம் சேர்த்து அமலராணி ஒரு மென்பொருள் எழுதினாள். கலவையையும் சூட்டையும் கொடுத்தால் எவ்வளவு ஈயம் இறங்கும் என்று அது சொல்லிவிடும்.

“சார், இது என் பென் டிரைவுலயே கெடந்தா யாருக்கு என்னா பிரயோசனம்? சின்ன யூனிட்டுக்காரங்க டெஸ்டுக்கு வரதே இல்ல. நெட்டுல போட்டுடலாம். யாரு வேணா எடுத்துக்கட்டும், தப்பு இருந்தா திருத்திக்கட்டும்” என்றாள்.

அதற்குள் குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. போகும்போது எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னபடி நான் அதை நெட்டில் போட்டேன். ‘ஃபைனல் நியூ த்ரீ’ என்று அவள் வைத்திருந்த பெயரை மாற்றி ‘மெருகு’ என்று வைத்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதினேன். எப்படிப் பயன்படுத்துவது என்று படம் போட்டேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதிக் குறிப்பு சேர்த்தேன். ஈயம், ஜாடி, மெருகு என்று எதைத் தேடினாலும் முதலில் எங்கள் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டேன். எழுதியவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். அதை நான் திருட்டாக நினைக்கவில்லை. அவள் ஊரை விட்டுப் போய்விட்டாள். சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு முகவரி வேண்டுமே.

ஆறு மாதத்தில் முன்னூறு பேர் எடுத்தார்கள். சென்னையில் ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டார்கள். நான் அந்த எண்ணிக்கையைப் பார்க்கத் தொடங்கினேன். பஸ்ஸில் பார்ப்பேன், டீக்கடையில் பார்ப்பேன். டீ ஆறிப்போகும். ஒன்று கூடியிருந்தால் அரை மணி நேரம் நிம்மதியாக இருக்கும். பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஜனவரியில், பயன்படுத்துகிறவர்கள் குறை சொல்வதற்கான பகுதியில் ஒரு செய்தி வந்தது. “சார், நான் அமலராணி. காப்பர் கணக்குல தப்பு பண்ணிட்டேன். பச்சை நிறத்துக்குக் காப்பர் சேத்தா ஈயம் பல மடங்கு இறங்கும். என் ப்ரோக்ராம் காப்பர் அளவ நூறால வகுத்துடுது. அதனால எல்லாப் பச்சை மெருகையும் பத்திரம்னு காட்டும். திருத்தின வரிய கீழ போட்டிருக்கேன். ஒடனே மாத்திடுங்க.”

எழுதியவர் பெயரைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஒரே ஒரு வரி. ஆனால் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் அதைச் செய்தவர் பெயர் பக்கத்தில் தானாகவே பதிவாகும். தப்பு பண்ணிட்டேன் என்று சொல்கிற இந்தப் பெண் யார் என்று முன்னூறு பேரும் கேட்பார்கள். என் கையால் நானே அந்த வரியை எழுதியிருக்கலாம். அதற்கும் என்ன தப்பு, எத்தனை நாளாக என்று விளக்கம் எழுத வேண்டியிருக்கும். மார்ச்சில் கருத்தரங்கு. அது முடியட்டும் என்று நினைத்தேன். செய்தியை அழித்தேன். குறை சொல்லும் பகுதியையும் மூடினேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தாள். “மாத்தியாச்சும்மா” என்றேன்.

“ரொம்ப தேங்க்ஸ் சார். பயந்தே போயிட்டேன்” என்றாள். குரலில் அழுகை இருந்தது. நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். தப்பு எல்லோருக்கும் வருவதுதான் என்றேன்.

கருத்தரங்கு முடிந்தது. நன்றாகவே பேசினேன்.

ஏப்ரலில் காசியம்மாள் வந்தார்கள். பேட்டையின் கடைசித் தெருவில் அவர்களுக்கு ஜாடி செய்யும் சின்ன யூனிட். மகள் மதிவதனி ஜாடிகளில் பூ வரைவாள். மருமகன் திருமால் சூளையைப் பார்த்துக்கொள்வான். மாங்காய்ப் பருவத்துக்காகப் பச்சை நிறத்தில் ஊறுகாய் ஜாடி போட்டிருந்தார்கள். கலவையைத் திருமால் எங்கள் மென்பொருளில்தான் சரிபார்த்திருந்தான். ஒரு ஜாடியை முந்தானையில் சுற்றி எடுத்துவந்திருந்தார்கள்.

“பொண்ணு அஞ்சு மாசமா இருக்குது சார். வயித்துவலின்னு துடிக்கிறா. எந்தப் பாத்திரத்துல சாப்புடுறீங்கன்னு டாக்டரம்மா கேக்குறாங்க. இந்த ஜாடிய டெஸ்டு பண்ணிக் குடுங்க.”

ஜாடியை வாங்கிக் காடியை ஊற்றி வைத்திருந்தால் மறுநாள் தெரிந்திருக்கும். ஆனால் சோதனை செய்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் ஒரு முடிவும் மென்பொருளில் வேறு முடிவும் இருந்தால் யாராவது கேட்பார்கள். அதனால் ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டு கணினியைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினேன். கலவையைப் போட்டேன். பத்திரம் என்று வந்தது.

“இதுல ஒண்ணும் இல்லைங்களா சார்?”

“ஒண்ணும் இல்லைங்க.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஊறுகா ஒண்ணுதான் அவளுக்கு வாய்க்குப் புடிக்குது. அதையும் நிறுத்திடலாம்னு இருந்தேன். வூட்டுல அந்த ஜாடிலதான் போட்டு வச்சிருக்குது. சரி, தின்னுட்டுப் போவட்டும்.” எழுந்தார்கள். “போயிட்டு வரேங்க.”

அவர்கள் போன பிறகு என்னால் அறையில் இருக்க முடியவில்லை. வெளியே வந்து நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் பெண்ணாடம் பஸ் நின்றது, ஏறினேன். பெண்ணாடத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். அடுத்த வாரமும் அப்படிப் போனேன். காசியம்மாளின் எண் என் போனில் இருந்தது. ஜாடியை மாத்திடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஜூனில் குழந்தை இறந்து பிறந்தது. புதுச்சேரியில் இரத்தத்தைச் சோதித்து ஈயம் என்றார்கள். மதிவதனிக்கு இப்போது வலது மணிக்கட்டு நிமிர்வதில்லையாம். தூரிகையை விரலில் வைத்துக் கட்டினாலும் கை தொங்கிவிடுகிறது என்று திருமால் சொன்னான். நான் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். காசியம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். “நீங்கதான் பாத்து சொன்னீங்களே சார், அப்பறம் எப்படி?” என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். உடம்புக்கு உடம்பு மாறும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதியவர் கட்டத்தில் என் பெயரைப் பார்த்துத்தான் நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். அமலராணி தன் செய்தியைப் படமெடுத்து வைத்திருந்ததையும் உங்களுக்கு அனுப்பியதையும் அறிவேன். நான் மறுக்கவில்லை. தப்பு எனக்கு ஜனவரியிலேயே தெரியும். செய்தியை அழித்தது நான். மாற்றியாயிற்று என்று அவளிடம் சொன்னது நான். அந்த ஜாடியில் விஷம் இருக்கிறது என்று தெரிந்தே, ஒன்றும் இல்லை என்று சொன்னதும் நான்தான். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

மென்பொருள் பக்கத்தின் பாஸ்வேர்டு மட்டும் கேட்காதீர்கள். விசாரணை நடக்கும்போது அந்தப் பக்கத்தில் கை வைத்தால் ஆதாரத்தைக் கலைத்ததாக ஆகிவிடும். அதனால்தான் நானும் அந்த வரியை இதுவரை மாற்றவில்லை. மென்பொருளையே நெட்டிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறீர்கள். நேற்றிலிருந்து மட்டும் பதினோரு பேர் எடுத்திருக்கிறார்கள் அய்யா. இத்தனை பேருக்குப் பயன்படுகிற ஒன்றை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.