பதினோராம் நம்பர் கேப்

நான் எதையும் வீணாக்காதவன். காப்பி வடித்த சக்கையைக்கூடத் தக்காளிச் செடிக்குத்தான் போடுவேன். மிசௌரியில் எங்கள் மலைப்பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான். அதிகாரி ரட்லெஜ், நீங்கள் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நிலவறையில் கண்டதை நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

எங்கள் கிளப்பில் பழங்காலத்து ரிவால்வர்களைத்தான் சுடுவோம். தோட்டா கிடையாது. ஆறு அறைகளிலும் கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, ஒவ்வொரு அறைக்கும் பின்னால் இருக்கும் சின்னக் கூம்பில் ஒரு செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். மிளகைவிடக் கொஞ்சம் பெரியது; அதைத் தட்டினால் வரும் பொறியில்தான் மருந்து பற்றும். கேப் என்போம். கேப் இல்லாத ரிவால்வரைக் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கலாம், அவ்வளவுதான்.

பெருந்தொற்று வந்த வருடம் தொழிற்சாலைகள் எல்லாம் நவீனத் தோட்டா செய்வதிலேயே முனைந்துவிட்டன. கேப் வரத்து குறையும் என்று நான் முன்கூட்டியே கணித்தேன். மூன்று மாவட்டக் கடைகளையும் வாரா வாரம் சுற்றி வந்தேன். ஆளுக்கு ஒரு டப்பா என்று பலகை வைத்திருந்த கடைகளுக்குக் காலையில் தலையில் தொப்பியோடும் மாலையில் வெறுந்தலையோடும் போனேன். பலகையில் தொப்பியைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கேப் எங்கும் இல்லை என்று கிளப்பில் முதலில் அறிவித்தவன் நான்தான். கடைசி டப்பாக்களை அன்று காலை வாங்கியவனும் நானே என்பதால் எனக்கு அது உறுதியாகத் தெரிந்திருந்தது.

அப்போதும் என்னால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. கிளப்புக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒருவர் மீன் பிடிக்கப் போனார், இன்னொருவர் மனைவியோடு பேச ஆரம்பித்தார். டெல்பர்ட் மட்டும் அடங்கவில்லை.

டெல்பர்ட் ஓய்வு பெற்ற தபால்காரர். முப்பது வருட நண்பர். நல்ல மனிதர், சிக்கலே அதுதான். தன் கையிருப்பு முழுவதையும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். தீர்ந்ததும் குளிர்பானத் தகரத்தை வெட்டித் தானே கேப் செய்யப் பார்த்து மீசையைப் பொசுக்கிக்கொண்டார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"யோவ் லாவெல், ஒரே ஒரு டப்பா இருந்தா குடுய்யா. வர்ற சனிக்கிழமை சர்ச்சுலேருந்து பன்னெண்டு பேர் பாக்க வர்றாங்க. சுட்டுக் காட்டலேன்னா மானம் போயிடும்."

"பன்னெண்டு பேரா?"

"புடிச்சுப் போச்சுன்னா பன்னெண்டு பேரும் சேந்துருவாங்க. கிளப்பு பழையபடி களை கட்டிரும்யா."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஆறு அறை, வாரா வாரம். தட்டுப்பாடு என்கிறோமே, அதை ஆற அமர யோசித்துப் பார்த்தால், கேப் குறைவாக இருப்பதல்ல பிரச்சினை. சுடுகிறவர்கள் அதிகமாக இருப்பதுதான். ஒரு பொறுப்பான மனிதன் இதில் எந்தப் பக்கத்தைச் சரிசெய்ய முடியும் என்று பார்த்தேன்.

டெல்பர்ட்டின் ரிவால்வருக்குப் பத்தாம் நம்பர் கேப்தான் கச்சிதம். பதினோராம் நம்பர் ஒரு அளவு பெரியது, தளரும். தளர்ந்த கேப் சுடும் அதிர்வில் கழன்று விழும். அப்படி விழுந்தால் ஒரு அறையின் நெருப்பு திறந்த கூம்பு வழியாகப் பக்கத்து அறைகளுக்குத் தாவி, ஒன்றுக்கு மூன்றாக வெடிக்கும். எல்லா நேரமும் அப்படி ஆகாது. ஆகலாம். புதியவர்களுக்கு நான் பதினெட்டு வருடமாகச் சொல்லித் தரும் முதல் பாடம் அது. கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் நான்தானே.

பத்தாம் நம்பர் டப்பா ஒன்றைக் காலி செய்து, அதில் பதினோராம் நம்பரைப் போட்டு, என் வழக்கப்படி மூடியின் உள்பக்கம் பென்சிலால் தேதி எழுதிக் கொடுத்தேன். டெல்பர்ட் ஒன்றை மாட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, லொடலொடன்னு இருக்கு?"

"அவசரத்துல செஞ்ச சரக்கு. விரலால லேசா நசுக்கி மாட்டு, நிக்கும்."

"நீ சொன்னா சரிதான்" என்றார்.

சனிக்கிழமை நல்ல வெயில். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். டெல்பர்ட்டின் மனைவி வெல்டா சோளரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்திருந்தார். டெல்பர்ட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சுடும்போது இடது கையைக் குழலுக்கு அடியில் முட்டுக் கொடுப்பார். வெடிப்பு தாவினால் குண்டு பாயும் இடம் அது. "கைய எடுய்யா" என்று வாரா வாரம் கத்துவேன். அவரும் சிரித்துக்கொண்டே எடுப்பார்.

அன்று நான் கத்தவில்லை. விருந்தாளிகள் முன்னால் ஒருவரைத் திட்டுவது மரியாதை இல்லை.

முதல் அறை ஒழுங்காக வெடித்தது. இரண்டாவது ஒற்றைச் சத்தமாகக் கேட்கவில்லை. புகை விலகியபோது டெல்பர்ட் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று விரல்கள் இல்லை. முதலில் ஓடியவன் நான்தான். என் பெல்ட்டால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினேன். நான் இல்லாவிட்டால் அவர் ரத்தம் வடிந்தே போயிருப்பார் என்று மருத்துவர் சொன்னார். அதற்காகக் கிளப் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தது. மரத்தில் செய்தது, நேர்த்தியான வேலைப்பாடு.

பன்னிரண்டு பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

டெல்பர்ட் சனிக்கிழமை நடனங்களுக்குப் பிடில் வாசிக்கிறவர் என்று நீங்கள் இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கே அவர்தான் வாசித்தார். ஆனால் வில் பிடிக்கும் கை முழுசாக இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வெல்டாவை நான் சரியாக எடைபோடவில்லை. அந்த அம்மா முப்பது வருடம் பல் மருத்துவருக்குச் செயற்கைப் பல் செய்து கொடுத்தவர். தலைமுடி அளவு பிசகினாலும் அவர் கைக்குத் தெரிந்துவிடும். மீந்த கேப்புகளை அளந்து பார்த்திருக்கிறார். என் வாசலுக்கு வந்து டப்பாவை நீட்டினார்.

"மூடியில பத்துன்னு போட்டிருக்கு. உள்ள இருக்கிறது பதினொண்ணு. எப்படி லாவெல்?"

"தொழிற்சாலைத் தப்பா இருக்கும், வெல்டா."

"தொழிற்சாலைக்காரன் உங்களை மாதிரி மூடிக்குள்ள பென்சில்ல தேதி எழுதுவானா?"

டப்பாவைத் திரும்பத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீங்க கையைக் கட்டினப்ப அவரு உங்களுக்கு நன்றி சொன்னாரு, ஞாபகமிருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். டப்பாவை மாற்றியவன் நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்துதான் மாற்றினேன். கையை எடுக்கச் சொல்லாததும் யோசித்துச் செய்ததுதான். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கை போதும் என்று நினைத்தேன்.

நிலவறையில் நாற்பத்தோராயிரம் கேப் எண்ணினீர்களாம். சரியாகத்தான் இருக்கும். அந்த அறையில் ஈரம் தட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று வருடத்தில் நானே ஒன்றைக்கூடச் சுடவில்லையே, ஏன் என்று கேட்கிறீர்கள். இவ்வளவு தட்டுப்பாட்டில் எப்படிச் சுடுவது? எல்லாவற்றையும் நான் சுட்டுத் தீர்த்திருந்தால், டெல்பர்ட் மாதிரி ஒருவர் ஆத்திர அவசரத்துக்கு வந்து கேட்கும்போது யார் எடுத்துக் கொடுப்பது?