நடு இருக்கை இல்லாத கார்

2025 ஒக்டோபர் 14, செவ்வாய். நேற்று கலஹா ருஷ்தி சாருக்குக் கொடுத்த மின்சாரக் கார் விலைப்பத்திரத்தில் ஒரு சிறு பிழை. பெர்ஃபோமன்ஸ் ரகத்துக்கு ஐந்து இருக்கை என்று விற்பனைப் பெண் சர்மிளா எழுதியிருந்தாள். நான்குதான். கீழே இருந்த டூரிங் ரகத்தின் வரியைப் பார்த்து எழுதியதால் வந்தது. அந்தத் தாளை நம்பி அவர் பெர்ஃபோமன்ஸுக்கு முற்பதிவும் செய்துவிட்டார். பிழையைக் காட்டுவதற்காக இன்று பின்னேரம் அவரையும் அவருடைய மனைவி ஆஸிகா மேடத்தையும் பல்லேகல காட்சியறைக்கு மறுபடி வரச் சொன்னாள். காருக்குள் சார் முன்னாலும், மேடமும் சர்மிளாவும் பின்னாலும் உட்கார்ந்து பேசியவை, சர்மிளாவின் நினைவில் நின்ற வரிசையில்:

— நாலுண்டா நாலு. இதுக்கா தங்கச்சி எங்கள கலஹாவில இருந்து எறக்கின? டெலிபோன்லயே செல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம் சார். ஆனா எழுதிக் கொடுத்தது நான். தப்பை நேர்ல காட்டணும்னு நெனச்சேன். மேடம், நீங்க பின்னாடி ஏறிட்டீங்கல்ல, இப்ப பாருங்க. ரெண்டு பேருக்கு ரெண்டு தனிச் சீட்டு. நடுவுல இந்தப் பெட்டி. போன் வைக்கலாம், கப் வைக்கலாம்.

— பெட்டிய கழட்ட ஏலாதா?

— முடியாதுங்க மேடம். கழட்டினாலும் நடுவுல பெல்ட் கிடையாது. டூரிங்லதான் நடுச் சீட் வரும்.

— ஆஸிகா, நாங்க ரெண்டு பேர். நாலு சீட்டில ரெண்டு மிச்சம். உம்மாவ ஏத்தினாலும் ஒண்டு மிச்சம். நடு எனத்துக்கு?

— நான் ஒண்டும் செல்லல்லயே. கேட்ட.

— கேட்டதுக்குப் பதில் கெடச்சுது. தங்கச்சி, மத்த வித்தியாசத்த திரும்ப ஒருக்கா செல்லுங்க. நேத்து கடகடண்டு ஓடிட்டீங்க.

— வகுப்புக்கு நேரமாயிருச்சு சார், அதான். அஞ்சரைக்கு கண்டியில இருக்கணும். இன்னைக்கு மெதுவா சொல்றேன். ஒரு நிமிஷம், தாளைப் பார்த்தே சொல்றேன். மனசுல இருந்து சொன்னா இன்னொரு தப்பு வந்துரும். டூரிங்ல ஒரு மோட்டார், பின் சில்லு மட்டும் இழுக்கும். பெர்ஃபோமன்ஸ்ல ரெண்டு மோட்டார், நாலு சில்லும் இழுக்கும். ஆனா ஒரு சார்ஜுக்கு டூரிங்தான் கூடத் தூரம் போகும். இது எழுபது கிலோமீட்டர் குறைவு.

— தூரம் வேணாம். வேகத்த செல்லுங்க.

— நிக்கிற எடத்துல இருந்து நூறைப் புடிக்க டூரிங்குக்கு அஞ்சே முக்கால் செக்கன். பெர்ஃபோமன்ஸுக்கு மூணே கால்.

— மூணே கால்! கேட்டியா ஆஸிகா? பிஸ்மில்லாஹ் செல்லி முடியிறதுக்குள்ள நூறு.

— கலஹா ரோட்டில நூறுல போக எங்க எடம் ஈக்கி? ரெண்டு ஆட்டோ எதிர்ல வந்தா ஒண்டு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கோணும். ஐம்பது வயசில ஹாஜியார் பந்தயத்துக்குப் போறாராம்.

— நாப்பத்தெட்டு.

— அப்ப சரி. சின்னப் பொடியன்.

— சிரிக்காதீங்க தங்கச்சி, இவ இப்பிடித்தான். விஷயம் என்னண்டா, நூறு இல்ல கதை. முந்துறதுதான் கதை. முப்பதுல இருந்து எழுபதுக்கு எவ்வளவு நேரம்? அது ஈக்கா தாள்ல?

— முப்பது எழுபது... இல்லைங்க சார். எழுதல. எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்.

— சரி, இப்பிடிக் கேக்கிறன். தேயிலைக் கொழுந்து ஏத்தின லொறி ஒண்டு முன்னுக்குப் போகுது. ஹிந்தகலைக்கி மேல. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவுல அறுபது எழுபது மீட்டர்தான் நேர் ரோட். அதுக்குள்ள இது முந்துமா?

— முந்தும்னு நெனக்கிறேன் சார்.

— நெனக்கிறீங்களா, முந்துமா?

— முந்தும். டூரிங்கும் அநேகமா முந்தும்.

— அநேகமா வேணாம்.

— ஏன், அநேகமா எண்டா போதாதா ஒங்களுக்கு?

— போதா.

— இதுல நிறம் கூட ஒண்ணு அதிகம் மேடம். இந்தச் சாம்பல் நிறம் டூரிங்ல வராது. சீட் தோலும் வேற. தொட்டுப் பாருங்க.

— நல்லாத்தான் ஈக்கி. அதுக்கென்ன.

— சார், பழைய வண்டி ஏதாவது இருந்தா நாங்களே எடுத்துக்குவோம். அதையும் இதுல எழுதிரலாம்.

— வேன் ஒண்டு ஈக்கி.

— எந்த வருஷம் சார்?

— அத எழுதாதீங்க.

— எழுதுங்க சர்மிளா. ரெண்டு வருஷமா எங்கட பலா மரத்துக்குக் கீழ நிக்கிது. நாலு டயரும் எறங்கிட்டுது. விக்கவும் விடுறாரில்ல, கழுவவும் விடுறாரில்ல.

— ஆஸிகா.

— காலையில தேத்தண்ணி குடிக்கக்குள்ள ஜன்னலால பாத்து அதுக்கு ஏசுவார். ஒரு மனிசனோட கோவிக்கிற மாதிரி ஒரு வேனோட கோவம்.

— கோவிக்காம? மூணாம் கியர்ல மூச்சு வாங்கின சனியன். நான் ஹோன் அடிச்ச, லைட் அடிச்ச, லொறிக்காரன் வெலகல்ல. வெலகின எடத்துல இதுக்கு இழுக்க ஏலா. இருவத்திரண்டு நிமிஷம், தங்கச்சி. ஒரு கொழுந்து லொறிக்குப் பின்னால இருவத்திரண்டு நிமிஷம். பேராதனையில சின்னப் புள்ளைகள்ட ஆஸ்பத்திரிக்கி நாங்க போய்ச் சேரக்குள்ள...

— சார்?

— எங்கட மகள். ஸனா. அஞ்சு வயசு. டெங்கு.

— ஐயோ. எனக்குத் தெரியாது சார். மேடம், நான் நேத்து வேற, பிள்ளைங்களுக்கு அந்த வசதி இருக்கு, இந்த வசதி இருக்குன்னு என்னென்னமோ...

— நீங்க செல்லக்குள்ள நான் தலையாட்டின தானே. பரவாயில்ல.

— தண்ணி கொண்டு வரவா?

— வேணாம். இப்பிடியே பக்கத்துல இரிங்க.

— அதுக்காகத்தான் தங்கச்சி. டொக்டர் சென்ன, கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கோணும் எண்டு. கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம்? நான் அந்த ரோட்டில எத்தின தரம் மணி பாத்துப் போய் வந்திருப்பன். லொறிய முந்தியிருந்தா பதினாறு நிமிஷம் முந்திப் போயிருக்கலாம். மடவளைக் காணிய வித்தது இந்தக் காருக்குத்தான். இனி எந்தப் புள்ளைக்கும் நான் லேட் ஆக மாட்டன். தம்பிட புள்ளைகளா, அடுத்த வீட்டுப் புள்ளைகளா, ஆருக்குச் சுகமில்லாட்டியும் ஒரு டெலிபோன் கோல் எடுத்தாப் போதும்.

— எங்கட புள்ள எங்க இரிக்கும்?

— எந்தப் புள்ள?

— ஸனா. இதுல அவ எங்க இரிப்பா?

— ஆஸிகா, எனத்த கதைக்கிறாய் நீ?

— வேன்ல அவ நடுவுலதானே. ஒங்கட தோளுக்கும் என்ட தோளுக்கும் நடுவால மூக்க நீட்டிக்கொண்டு. ஜன்னல் பக்கம் இரி எண்டா மாட்டா. ரெண்டு பக்கமும் ரோட் பாக்கோணுமாம். "வாப்பாட பக்கம் மூணு கொரங்கு, உம்மாட பக்கம் ஒண்டும் இல்ல." ஹந்தானைக்கிப் போய்ட்டு வந்தா கொரங்கு எண்ணுறதுல என்னய தோக்கடிச்சிட்டுத்தான் எறங்குவா. நேத்து சர்மிளாட தாள்ல அஞ்சு சீட் எண்டு ஈந்திச்சு. நான் அதப் பாத்துட்டு மனசுக்குள்ள அவள ஏத்திட்டன். இண்டைக்கி எறக்கச் செல்றீங்க.

— மேடம், மன்னிச்சிருங்க. ஒரே ஒரு வரி. ரெண்டு தடவை பார்த்திருந்தா...

— ஒங்கள செல்லல்ல மகள். இவரச் செல்றன்.

— அவள காப்பாத்தியிருக்கக் கூடிய கார் இதுதான் ஆஸிகா. அதப் பாரு.

— அவள காப்பாத்துற காருல அவளுக்கு எடம் இல்லயே. எனக்கு மத்தது வேணும். டூரிங்.

— அது அநேகமா.

— அநேகமா போதும்.

— எனக்குப் போதா! அநேகமாவில போய்த்தான் நான் அவள எழந்த!

— சார், சார்... ஒண்ணுமில்ல. மெனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கிறார். இந்தக் கதவைச் சாத்திட்டா வெளியே கேக்காது. நான் எறங்கிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் பேசுங்க.

— கதவ சாத்துங்க. ஆனா நீங்க எறங்காதீங்க. மூணாவது ஆள் ஒண்டு ஈந்தாத்தான் என்னால செல்ல ஏலும்.

— எதுவா ஈந்தாலும் வீட்டில செல்லு ஆஸிகா.

— வீட்டில ரெண்டு வருஷமா செல்லப் பாத்த. வாய் வரல்ல. அங்க அவட சப்பாத்து ஈக்கி, அவட கோப்ப ஈக்கி. இங்க அவட ஒண்டும் இல்ல. இங்க செல்றன்.

— வேணாம்.

— நாலாம் நாள் காலையில காய்ச்சல் விட்ட. தொட்டுப் பாத்தா நெத்தி குளிர். அல்லாஹ்வுக்கு நன்றி செல்லி நான் ரெண்டு ரக்அத் சுக்ரு தொழுத. தொழுதிட்டு ஒங்களுக்குக் கோல் எடுத்து, புள்ளைக்கிக் காய்ச்சல் விட்டுட்டுது, கடைய நேரத்தோட சாத்த வேணாம், ஆறுதலா வாங்க எண்டு சென்ன.

— ஞாபகம் ஈக்கி.

— டெங்குண்டா காய்ச்சல் விட்ட பொறகுதான் கண்ண மூடாமப் பாக்கோணும் எண்டு எனக்குத் தெரியா. லுஹருக்குப் பகல் சோறு வேணாம் எண்டா. வயிறு நோகுது எண்டா. அசருக்கு, மூணு மணி போல, பாக்கிறன், காலு ரெண்டும் ஐஸ். அப்பயும் எனக்கு மூளை ஓடல்ல. காலுக்கு மேஸ் ஒறை ஒரு சோடி போட்ட. குளிர் போகல்ல, மேல இன்னொரு சோடி போட்ட. போர்த்தி விட்டு, மூணு நாள் களைப்புல தூங்குது எண்டு தலையத் தடவிக்கொண்டு ஈந்த. நீங்க மஃரிபுக்கு, இருட்டுற நேரம், வரக்குள்ள நான் எனத்த சென்ன?

— இப்பத்தான் இப்பிடி ஆன எண்டு.

— இப்பத்தான் இல்ல. மூணு மணித்தியாலம். வேன் திண்டது இருவத்திரண்டு நிமிஷம். நான் திண்டது மூணு மணித்தியாலம்.

— மேடம், என் கையைப் புடிச்சுக்குங்க.

— வேனுக்கு இவர் ஏசுற ஒவ்வொரு காலையும் எனக்கு ஏசுற மாதிரி ஈக்கும். இல்ல, அது வேன் இல்ல, நான்தான் எண்டு செல்ல வருவன். தேத்தண்ணிய ஊத்திக் குடுத்துட்டு குசினிக்குப் போய்டுவன். இண்டைக்கி இவர் காணிய வித்து, மூணே கால் செக்கனுக்குக் காசு கட்டப் போறார். ரெண்டு மோட்டார் இல்ல, இருவது மோட்டார் பூட்டினாலும் ஒங்களால அந்த மூணு மணித்தியாலத்த முந்த ஏலா. நீங்க லேட் ஆகல்ல. நான்தான். திரும்பிப் பாருங்க. முன் கண்ணாடியால பாக்க வேணாம், திரும்பி என்ட மொகத்தப் பாருங்க.

— சார், மேடத்துக்கு ஏதாவது சொல்லுங்க. எதுவா இருந்தாலும்.

— ஏசட்டும். நான் கேக்கிறன். ஏசுங்க.

— ரெண்டு சோடியும் ரோசா நிறம்.

— எனத்த?

— மேஸ். ஆஸ்பத்திரியில கழட்டி என்ட கையிலதான் தந்த. நீ வெளிய வாங்குப் பலகையில இருந்து ஓதிக்கொண்டு ஈந்த. காலு எப்ப இருந்து குளிர் எண்டு டொக்டர் என்ட கையப் பாத்துத்தான் கேட்டார். ஒரு சோடி எண்டா இப்பத்தான். ரெண்டு சோடி எண்டா, ஒண்டு போட்டு, காத்திருந்து, பொறகு போட்டது. எனக்கு அங்கேயே வெளங்கின.

— ரெண்டு வருஷமா தெரியுமா?

— மேஸ என்ட பொக்கட்டுக்குள்ள போட்டுட்டு, வெளிய வந்து ஒனக்கு நான் சென்ன மொத வார்த்த, வேன் இழுக்கல்ல எண்டு. இந்தக் கார வாங்கினா பிழை வேன்லயே நிண்டுடும் எண்டு நெனச்ச. ஒனக்கு ஏச ஏலாமத்தான், ஆஸிகா, நான் வேனுக்கு ஏசின.

நாளை, புதன்: காலை ஒன்பது மணிக்கு முன் ருஷ்தி சாரின் பெர்ஃபோமன்ஸ் முற்பதிவை நீக்கி, அந்தக் காரைக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு மாற்ற வேண்டும்.