வழுக்காத பிடி

“இந்தத் துப்பாக்கிக்கு முதல் குண்டை நான்தான் சுடுவேன். தோட்டாக் கூட்டை என் பேர் போட்ட தட்டுலதான் வைக்கணும்.”

வெர்ன் சித்தப்பாவிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுவிட்டேன். காலை நேரம், அவர் கையில் காபி, எங்கள் துப்பாக்கிக் கடையில் கூட்டமில்லை. கேட்பதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று தோன்றியது.

டெபுடி ஷெரிஃப் ஹோல்கம், நீங்கள் இதே டெக்ஸஸ் மண்ணில் பிறந்தவர், எங்கள் கடையில் வாங்கிய துப்பாக்கியைத்தான் இடுப்பில் வைத்திருக்கிறீர்கள். வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு துப்பாக்கியில் யார் கை வைத்து வேலை செய்தாரோ, அவர்தான் கடைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் முதல் குண்டைச் சுட வேண்டும். சுட்ட கூட்டைத் தன் பெயர் எழுதிய தகரத்தட்டில் போட வேண்டும். அப்படிச் சுடாத துப்பாக்கி எங்கள் வாசலைத் தாண்டாது. சுவரோரம் மூன்று தட்டுகள் இருக்கின்றன: தாத்தா, அப்பா, வெர்ன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் இயந்திரவியல் படித்தவள் நான். எனக்குத் தட்டு இல்லை. ‘காலேஜ்’ என்று ஒரு பட்டப்பெயர் மட்டும் கிடைத்தது.

துப்பாக்கிகளின் பிடி வேலை முழுக்க என்னுடையது. கோடையில் இங்கே உள்ளங்கை வியர்த்து என்ன பாடு படும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்ரூடி மக்காபி போன மாதம் வந்து, “அடியே ட்வைலா, இது துப்பாக்கியா, சோப்பு போட்ட மீனாடி? பிடிச்சா நழுவுது” என்றாள். பிடியில் ஒட்ட மணல்தாள் மாதிரிச் சொரசொரப்பான ஒட்டுத்தாள் இருக்கிறது, ஆனால் சட்டைக்குள் வைத்தால் தோலைச் சுரண்டும் என்றேன்.

“ஏற்கெனவே என் புருஷன் தாடி சுரண்டுறது போதும். வேற காட்டு.”

அவள் போன பிறகு, கட்டம் செதுக்கிய பட்டைகளைப் பிடியின் இருபுறமும் மாட்டிவைத்தேன். மறுவாரம் பீக்கன் பருப்புப் போட்டுச் சுட்ட இனிப்புப் பலகாரம் ஒன்று கொண்டுவந்தாள். வெர்னுக்குக் கொடுத்தாள். வேலை அவருடையது என்று அவர் சொல்லியிருந்தார்.

அது எனக்குப் பழகிவிட்டது. நான் செய்வேன், அவர் சுடுவார், கூடு அவர் தட்டில் விழும். நான் கோபக்காரி என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் எனக்கு நிறையப் பொறுமை உண்டு.

அன்று காலை என் மேசையில் இருந்தது வெர்னின் சொந்தத் துப்பாக்கி. தாத்தாவிடமிருந்து அவருக்கு வந்த பழைய நாற்பத்தைந்து காலிபர் கைத்துப்பாக்கி. நிலக்கடலைக் காட்டில் காட்டுப்பன்றி இறங்கினால் நாய்களோடு போய், நாய்கள் மடக்கியதும் கிட்டத்தில் நின்று சுடுவதற்கு அதைத்தான் எடுத்துப் போவார். வியர்வையில் வழுக்குகிறது என்றார். பிடிக்கு உறை மாதிரி ரப்பர் சட்டை மாட்டலாம் என்றேன்.

“மாட்டு. ஆனா அந்த முதல் குண்டு பேச்சை விடு, காலேஜ். பிடிக்குச் சட்டை மாட்டுறது தையக்காரி வேலை. தையக்காரிக்கு யாராவது தட்டு வெப்பாங்களா?”

நான் சிரித்தேன். அவர் வேடிக்கையாகப் பேசுகிற மனிதர்தான்.

சென்ற வாரம் உங்கள் தாளில் எழுதிக்கொண்டீர்கள்: வெர்ன் ப்ரூயட் தன் துப்பாக்கிக்குத் தானே ரப்பர் மாட்டினார், வெயிலில் ரப்பர் உப்பியது, குண்டு பாயவில்லை, பன்றி தொடையைக் கிழித்தது, யாரும் போய்ச் சேருவதற்குள் ரத்தம் போய்விட்டது. அவர் செய்த பிழை, அவருக்கே வினையானது. ஊரும் அப்படித்தான் சொல்கிறது. இறுதிச் சடங்கில் ட்ரூடிகூட, “பாவம், தன் கையாலேயே மாட்டிக்கிட்டான்” என்று அழுதாள்.

நான் இன்று வந்தது அதற்காகத்தான். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். அதை மாட்டியது வெர்ன் இல்லை. நான்.

ரப்பர் உப்பவும் இல்லை. அந்தப் பழைய மாடலில் பிடியின் பின்பக்கம் ஒரு நெம்புகட்டை உண்டு. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் விசை நகரும். அன்று காலை நான் மாட்டும்போது ரப்பரின் ஓரம் அதன் அடியில் ஒரு நகத்தளவு நுழைந்துவிட்டது. கட்டை உள்ளே போகவில்லை. காலித் துப்பாக்கியை எடுத்து அழுத்திப் பார்த்தேன். விசை அசையவில்லை. மறுபடி பார்த்தேன். அசையவில்லை. அதைச் சரிசெய்ய வெட்டுக்கத்தியால் ஒரு கீறல் போதும். கத்தியைக் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் ட்ரூடி உள்ளே வந்தாள். “என்ன வெர்ன், உன்னதுக்கும் சட்டையா?”

“நேத்தே மாட்டிட்டேன். காலைல சுட்டும் பாத்தாச்சு. பஞ்சு மாதிரி உக்காருது கைல.” தரையில் கிடந்த ஏதோ ஒரு பழைய கூட்டைக் குனிந்து எடுத்து, அவள் பார்க்கத் தன் தட்டில் போட்டார். டிங் என்றது.

“கைராசிக்காரன்யா நீ,” என்றாள் ட்ரூடி.

நான் கத்தியை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன். அவ்வளவுதான் நான் செய்தது. கவனியுங்கள், நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுட்டுப் பார்த்தாயிற்று என்று கடையின் சொந்தக்காரரே சொல்லும்போது, இல்லை என்று சொல்வது மரியாதையாக இருக்காது.

தொலைபேசி அடித்தது. கடலைக் காட்டில் நாய்கள் ஒரு பெரிய ஆண் பன்றியை மடக்கிவிட்டனவாம். வெர்ன் என் மேசைக்கு வந்து, ட்ரூடிக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. சுட்டுப் பாக்கலையா நீங்க?”

“நீ பாத்த வேலையை எதுக்குச் சுட்டுப் பாக்கணும்?” கண்ணடித்தார். குண்டுகளை ஏற்றி இடுப்புறையில் செருகினார். “எல்லாம் சரிதானே, காலேஜ்?”

இத்தனை நாளில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். ட்ரூடிக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருந்தால் நான் இழுப்பறையைத் திறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

“சரிதான்,” என்றேன்.

துப்பாக்கியை அவர் கையிலிருந்து பிரித்தெடுக்க, இறந்த பிறகும் அவர் விரல்களோடு போராட வேண்டியிருந்தது என்று நீங்களே சொன்னீர்கள். அவ்வளவு இறுக்கம். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பின்வாசல் வழியாக வண்டிக்குப் போனார். நான் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிடப் போகிறேன் என்று ட்ரூடியிடம் சொல்லி, முன்வாசல் வழியாக வெளியே நடந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. அவர் கை தண்ணீராக வியர்க்கும். ஆனால் பிடி வழுக்காது. என் வேலை அப்படி.